கடைமடை வரை

காவிரி நாட்டைப் பேருந்தில் கடந்தவர் பலர், கண்டவர் சிலர். சன்னலோரத்தில் அரைத் தூக்கத்தில் அமர்ந்து திருச்சியிலிருந்து வேளாங்கண்ணி சேர்வோர்க்கு, வழியில் எத்தனை ஆறுகள் குறுக்கிட்டன என்பது தெரியாது. மிதிவண்டியில் செல்பவனுக்கோ ஒவ்வோர் ஆறும் தெரியும். பாய் விரித்தாற்போன்ற இச்சமவெளியில் ஏற்றம் என்று ஒன்று உண்டாயின், அது ஆற்றுப் பாலத்தின் ஏற்றமே. கண் மறந்தாலும் கால் அதனை மறப்பதில்லை.

2023 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் பிற்பகுதியில், ஆடி பிறந்து சில நாட்களே ஆகியிருந்த வேளையில், நாங்கள் ஒன்பது பேர் திருச்சியிலிருந்து புறப்பட்டு வேளாங்கண்ணிக்கு மிதிவண்டியில் சென்று, மிதிவண்டியிலேயே திரும்பினோம். நெடுஞ்சாலையைத் தவிர்த்து ஆற்றோரமாகவே சென்றதால் ஒருவழித் தொலைவு 160 கி.மீ.க்கும் மேலாயிற்று. அன்னையின் திருவிழாவுக்கு ஆகஸ்டு இறுதியில் காவியுடை தரித்துக் கால்நடையாகச் செல்வோர் பல்லாயிரவர். அவர்களுடைய தவத்தின்முன் எங்கள் பயணம் சிறியதே. ஆயினும் ஒரு கூட்டமாகச் செல்வது எத்தகைய கலை என்பதை அந்த நான்கைந்து நாட்கள் எங்களுக்குக் கற்பித்தன. பங்குகள்தோறும் இளைஞர் குழுக்கள் இத்தகைய பயணங்களுக்குத் திட்டமிடும் இந்நாளில் அதனை எழுதி வைப்பது பயன்தரும் எனக் கருதுகிறோம்.

புறப்பாடு

ஒன்பதின்மரில் மூவர் கல்லூரி மாணவர், இருவர் அலுவலக எழுத்தர், ஒருவர் தையற்காரர், ஒருவர் ஐம்பத்து நான்கு வயதுத் தச்சர், ஒருவர் மிதிவண்டிக் கடை நடத்துபவர், எல்லார்க்கும் மூத்தவர் ஓய்வு பெற்ற கணக்காசிரியர். இரு மாணவரிடம் கியர் வைத்த புது வண்டிகள் இருந்தன. மற்றவை நம் தெருக்களில் காணும் சாதாரண வண்டிகளே. தச்சருடைய வண்டி அவர் திருமணத்தின்போது வாங்கியது. "எனக்கும் இதற்கும் ஒரே நாளில்தான் கலியாணம்" என்று அதைத் தட்டிக் கொடுப்பார்.

புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு, திருப்பலி முடிந்ததும், கடைக்காரர் ஒன்பது வண்டிகளையும் வேப்பமரத்தடியில் வரிசையாக நிறுத்திப் பரிசோதித்தார். பிரேக் கட்டைகளை மாற்றினார். செயினுக்கு எண்ணெய் இட்டார். தச்சருடைய இருக்கையை ஓர் அங்குலம் உயர்த்தினார். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்புறம் நோகும். மிதி கீழே இறங்கும்போது கால் ஏறக்குறைய நீள வேண்டும் என்பது அவர் சொன்ன இலக்கணம். முழங்கால் வலியுடன் வந்த தச்சருக்கு அந்த ஓர் அங்குலமே முதல் உதவியாயிற்று.

கணக்காசிரியர் மூன்று விதிகளை மட்டும் சொன்னார். "மெதுவாக மிதிப்பவர் எவரோ, அவருடைய வேகமே நம் வேகம். முன்னே செல்பவர் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் வருபவர் மாறக்கூடாது. பசிக்குமுன் உண்ண வேண்டும், தாகத்துக்குமுன் குடிக்க வேண்டும். களைப்பை மறைப்பவர் கூட்டத்துக்குத் தீங்கு செய்கிறார்." கடைசி இடம் கருவிப்பையுடன் கடைக்காரருக்கு ஒதுக்கப்பட்டது. அவருக்குப் பின்னால் எவரும் இருத்தலாகாது.

கல்லணையில் கற்ற பாடம்

அதிகாலை நான்கரை மணிக்குப் புறப்பட்ட நாங்கள் கல்லணையை அடைந்தபோது பொழுது புலர்ந்தது. ஏறத்தாழ 1,080 அடி நீளமுள்ள அந்த அணை கரிகால் சோழன் காலத்தது என்பர். ஓடும் நீரில் பெருங்கற்களை இட, அவை மணலில் அமிழ, அவற்றின்மேல் மேலும் கற்களை அடுக்கி எழுப்பிய அடித்தளம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு வந்த ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன் அந்த முறையைக் கண்டு வியந்தார். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நீர் இங்கே நான்காகப் பகுக்கப்படுகிறது.

அவ்வாண்டு ஜூன் 12 ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்பட்டிருந்தது. மதகுகளினூடே நுரைத்துச் செல்லும் நீரைக் காட்டி, கணக்காசிரியர் மாணவரிடம், "தம்பி, இந்த நாட்டில் முறைப்பாசனம் என்று ஒரு வழக்கம் உண்டு. நீர் குறையும்போது இந்த ஆற்றுக்கு இத்தனை நாள், அந்த ஆற்றுக்கு இத்தனை நாள் என்று முறை வைத்துத் திறப்பார்கள். தலைமடைக்காரன் தன் வயல் நிரம்பியது போதும் என்று மடையை அடைக்காவிட்டால், கடைமடைக்காரன் வயல் வெடித்துப் போகும். காற்றை எதிர்த்து மிதிப்பதும் அப்படித்தான்" என்றார். அப்போது அது உவமையாக மட்டுமே பட்டது. காற்று எங்கள் முதுகில் இருந்த நேரம் அது.

கரையோரச் சாலையில் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் சென்று, பூண்டி மாதா பேராலயத்தில் காலைத் திருப்பலி கண்டோம். வீரமாமுனிவர் எழுப்பியதாக மரபு போற்றும் தலம் அது. 1999 ஆம் ஆண்டு பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. ஆலய வாசலில் இட்லியும் சாம்பாரும் உண்டு, காவிரியையும் கொள்ளிடத்தையும் இருமருங்கும் வைத்துத் திருவையாறு நோக்கி மிதித்தோம். தென்னையும் வாழையும் நெருங்கிய சாலை. அவற்றின் இடைவெளிகளில் குறுவை நடவு முடிந்த இளம்பச்சை. வரப்பில் வரிசையாய்க் குனிந்து களை பறிக்கும் பெண்டிர். "எங்கேப்பா இத்தனை சைக்கிள்?" என்று ஒரு பாட்டி கேட்க, "மாதா கோயிலுக்கு, ஆத்தா!" என்று மாணவர் கூவினர்.

ஐந்து ஆறு, ஐந்து பாலம்

திருவையாறு தன் பெயருக்குக் காரணத்தைச் சாலையிலேயே எழுதி வைத்திருக்கிறது. அங்கிருந்து தஞ்சைக்குத் தெற்கே செல்லும் சுமார் 12 கி.மீ. தொலைவுக்குள் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என ஐந்து ஆறுகளைக் கடக்க வேண்டும்.

மூன்றாம் பாலத்து ஏற்றத்தில் தச்சர் பின்தங்கினார். இறுதியாண்டு படிக்கும் மாணவன் ஒருவன், எங்களுள் மிக வலியவன், திரும்பி வந்து அவர் முதுகில் கை வைத்துத் தள்ளலானான். நல்ல மனந்தான். ஆனால் லாரிகள் உரசிச் செல்லும் பாலத்தில் ஒரு கையால் வண்டியை ஓட்டி மறு கையால் இன்னொருவரைத் தள்ளுவது இருவர் உயிருக்கும் ஆபத்து. கணக்காசிரியர் அவனைத் தடுத்து, "தள்ளாதே, தம்பி. அவருக்கு முன்னால் போ. உன் பின்சக்கரத்துக்கு ஒரு வண்டி நீளம் விட்டு அவர் வரட்டும். உன் வேகத்தைக் குறைத்துக்கொள். அதுதான் உதவி" என்றார்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. சமதரையில் விரைந்து மிதிப்பவனுக்குப் பெரும் பகை காற்றே. காற்றை எதிர்க்கும் வேகம் இருமடங்கானால் அதன் தடை நான்கு மடங்காகும். முன்னே ஒருவர் காற்றைப் பிளந்து செல்ல, அவர் நிழலில் செல்பவருக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு உழைப்பு மிஞ்சுகிறது. ஆகவே முன்னே செல்பவர் வழிகாட்டி மட்டுமல்லர். மற்றவருக்குச் சுவரும் அவரே. ஆனால் அவர் சற்று விரைந்துவிட்டால் இடைவெளி விழுந்துவிடும். அந்நிழலை இழந்தவர் தனியே காற்றோடு போராடி மேலும் பின்தங்குவார். வலியவன் நல்ல துணையாவதற்கு வலிமை மட்டும் போதாது. அடிக்கடி திரும்பிப் பார்க்கும் வழக்கமும் வேண்டும்.

வடவாற்றுக்கு அருகில் எழுத்தர் ஒருவர் வண்டியில் கருவேல முள் ஏறிற்று. எட்டுப் பேரும் நின்றனர். ஒருவர் வண்டியைக் கவிழ்த்தார். ஒருவர் டயரைக் கழற்றினார். தையற்காரர் அருகிலிருந்த வீட்டில் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கினார். டியூபை நீரில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தைக் கண்டு, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி உலர விட்டு, கடைக்காரர் ஒட்டுப் போட்டார். டயரின் உட்புறத்தையும் விரலால் தடவி, முறிந்து நின்ற முள்நுனியை எடுத்த பின்னரே அதனை மாட்டினார். முள்ளை எடுக்காமல் ஒட்டிவிட்டு ஓடுபவன் அடுத்த கல்லில் மீண்டும் நிற்பான் என்றார். வாளி தந்த அம்மையார் எல்லார்க்கும் மோர் தந்தார்.

அன்றிரவு நீடாமங்கலத்தில் தங்கினோம்.

கடைமடையில்

மறுநாள் கொரடாச்சேரி வழியாகத் திருவாரூர். கோயிலுக்கு இணையாக விரிந்த கமலாலயக் குளத்தின் படித்துறையில் சற்றே இளைப்பாறினோம். அதனைக் கடந்து கீழ்வேளூர்ப் பக்கம் செல்லச் செல்ல நாட்டின் முகம் மாறிற்று. வாய்க்கால்கள் மெலிந்தன, மண்ணில் உப்பின் சாயல் தெரிந்தது. தேநீர்க் கடையில் ஓர் உழவர், "மேலே தண்ணி ஓடுது, பார்த்திருப்பீங்க. இங்கே வந்து சேர்ந்தாத்தானே?" என்றார். அவர் அஞ்சியது நடந்தது. அவ்வாண்டு பின்னர் நீர் குறைந்து, கடைமடையில் குறுவைப் பயிர் வாடிற்று. ஆறு நிறைந்து ஓடினால் மட்டும் போதாது; கடைசி வயலுக்கு நீர் சேர்ந்ததா என்பதே பாசனத்தின் அளவுகோல் என்பதை அந்த ஒரு வாக்கியம் எங்களுக்கு உணர்த்திற்று.

நாகையைக் கடந்து நண்பகலுக்குச் சற்றுமுன் வேளாங்கண்ணி சேர்ந்தோம். 1962 ஆம் ஆண்டு இருபத்து மூன்றாம் அருளப்பர் பசிலிக்காவாக உயர்த்திய அப்பேராலயத்தின் வெண்கோபுரத்தைத் தொலைவிலேயே கண்ட மாணவர் விரைய முற்பட்டனர். பின், தாமாகவே நின்று, தச்சரை முன்னே விட்டனர். அவர் பின்னால் எண்மர் ஊருக்குள் நுழைந்தோம். மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன் நடுத்திட்டில் அன்னையின் அருளால் நலம் பெற்றான் என்பது இத்தலத்தின் மரபு. முழங்காலைப் பற்றியபடி தச்சர் அவ்விடத்தில் நெடுநேரம் அமர்ந்திருந்தார். என்ன வேண்டினார் என்று நாங்கள் கேட்கவில்லை. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையில் இக்கரையில் மாண்டோரையும் நினைந்து செபித்தோம்.

மாலையில் கடற்கரையில் கணக்காசிரியர் ஒரு செய்தி சொன்னார். வீரமாமுனிவர் பிறந்த அதே லொம்பார்தி நிலத்தில், கோமோ ஏரிக்கு அருகே, கிசாலோ என்னும் குன்றின்மேல் அன்னைக்கு ஒரு சிற்றாலயம் உண்டு. 1949 ஆம் ஆண்டு பன்னிரண்டாம் பத்திநாதர் அவ்வன்னையை மிதிவண்டியாளரின் பாதுகாவலியாக அறிவித்தார். பெரும் பந்தயங்களில் ஓடிய வண்டிகள் அதன் உட்சுவர்களில் தொங்குகின்றன.

பந்தயம் என்றதும் மாணவர் நெருங்கி அமர்ந்தனர். அவர் ரெனே வியெத்தோவின் கதையைத் தொடர்ந்தார். 1934 ஆம் ஆண்டு பிரான்சைச் சுற்றிவரும் பெரும் பந்தயத்தில் அவருக்கு வயது இருபது. மலைகளில் அவரை வெல்வார் அரிது. பைரனீஸ் மலையில் அணித்தலைவர் அந்தோனின் மான்யின் சக்கரம் உடைந்தபோது, வியெத்தோ தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கைப்பிடிச்சுவரில் அமர்ந்து அழுதார். மறுநாளும் தலைவர் வண்டி பழுதுற, முன்னே சென்றிருந்தவர் திரும்பி மலையேறி வந்து தம் வண்டியையே கொடுத்தார். மான்யி பந்தயத்தை வென்றார், வியெத்தோ ஐந்தாமவரானார்.

வலிய மாணவன் கேட்டான்: "அவர் தமக்குக் கிடைக்கவிருந்ததை இழந்தாரே ஐயா, அது நியாயமா?"

"நியாயம் என்று நான் சொல்லவில்லை. அவர் அழுதார் என்பதை மறக்காதே. பிறருக்காக நிற்பதில் இழப்பே இல்லை என்று எவராவது சொன்னால் நம்பாதே. இழப்பு உண்டு, தெரிந்தே நிற்கிறோம்."

ஆடிக் காற்று

"ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பது பழமொழி. வரும்போது எங்களைத் தள்ளிவந்த மேல்காற்று, திரும்பும்போது நெஞ்சில் கை வைத்துத் தடுத்தது. அதனை எதிர்பார்த்து அதிகாலை நான்கு மணிக்கே புறப்பட்டோம். திருவாரூர் வரை காற்று அடங்கியிருந்தது. ஒன்பது மணிக்குமேல் எழுந்தது. மணிக்குப் பத்துக் கி.மீ. செல்வதே பெரும்பாடாயிற்று.

கல்லணையில் கேட்ட உவமை அப்போதுதான் நடைமுறையாயிற்று. ஒற்றை வரிசை, ஐந்து நிமிடம் ஒருவர் முன்னே, பின் அவர் விலகி, வரிசை கடந்து செல்லும்வரை காத்திருந்து, கடைக்காரருக்கு முன்னே சேர்ந்துகொள்வார். பள்ளம் கண்டால் முன்னவர் கையைத் தாழ்த்திக் காட்டுவார். அச்சைகை ஒருவர்பின் ஒருவராய் இறுதிவரை செல்லும். தச்சரை முன்னே விடாமல் நான்காம் இடத்திலேயே வைத்தோம்.

வலிய மாணவன் தன் முறை முடிந்தும் விலகவில்லை. "இன்னும் முடியும்" என்று பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என முன்னேயே நின்றான். முன்னே இருப்பவனுக்குத் தண்ணீர்க் குப்பியை எடுக்கவும் கை ஒழிவதில்லை. கொரடாச்சேரியைக் கடந்து சிறிது தொலைவில் அவன் வண்டி தள்ளாடிற்று. நின்றோம். தலை சுற்றுகிறது என்றான், கொளுத்தும் வெயிலில் அவன் கைகளில் மயிர்க்கூச்செறிந்திருந்தது, குமட்டலும் இருந்தது. வெப்பத்தால் உடல் ஓய்ந்துபோவதன் அடையாளங்கள் இவை. புளியமர நிழலில் படுக்க வைத்து, கால்களைச் சற்றே உயர்த்தி, ஈரத் துண்டால் கழுத்தையும் அக்குளையும் துடைத்து, உப்புச் சர்க்கரை நீரை மிடறு மிடறாகக் கொடுத்தோம். பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ, ஒரு நொடியும் தாழ்த்தாமல் 108 ஊர்தியை அழைப்பதென்று எழுத்தர் கைப்பேசியுடன் அருகிலேயே இருந்தார். இறையருளால் அந்நிலை வரவில்லை. முக்கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது.

எழுந்ததும் அவன் முதலில் சொன்னது, "போகலாம் ஐயா, எனக்கு ஒன்றுமில்லை" என்பதே. கணக்காசிரியர் அசையவில்லை. "இன்று உனக்கு வண்டி இல்லை."

அவன் கண் கலங்கிற்று. முதல் நாள் எவரைத் தள்ளினானோ அந்தத் தச்சர் அவனருகே அமர்ந்து, "தம்பி, என்னைப் பின்னால் வைத்து இழுத்துக்கொண்டு வந்தாய். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் வந்தேன். இப்போது நீ கொஞ்சம் வெட்கப்படு. ஒன்றும் ஆகாது" என்றார். அவன் சிரித்துவிட்டான்.

தஞ்சை சேர்வது அன்று இயலாது என்பது தெளிவாயிற்று. ஒரு நாள் தாமதம் என்றால் அதற்கும் விலை உண்டு. தையற்காரர் மறுநாள் மாலைக்குள் திருமணத் துணிகளைக் கொடுத்தாக வேண்டும். எழுத்தர் ஒருவருக்கு விடுப்பு இல்லை. போவதா, நிற்பதா என்று அவ்விருவரும் தயங்கினர். "கூட்டத்தைப் பிரிப்பது வேறு, கூட்டத்தைவிட்டு ஓடுவது வேறு. சொல்லிவிட்டுப் போகிறவன் துணையைக் கைவிட்டவன் ஆகான்" என்று முடிவு சொன்னார் கணக்காசிரியர். அவர்கள் இருவரும் தங்கள் வண்டிகளைப் பேருந்தின் மேலேற்றித் திருச்சி சென்றனர். மூன்று வீடுகளுக்கு நேரில் சென்று செய்தி சொன்னதும் அவர்களே. மாணவன் கணக்காசிரியருடன் நீடாமங்கலத்துக்குப் பேருந்தில் சென்றான். மருத்துவர் பார்த்து, ஓய்வும் நீரும் போதும் என்றார். எஞ்சிய ஐவர் வண்டிகளுடன் பின்தொடர்ந்தோம். அவ்விருவர் வண்டிகளைச் சிறு சரக்கு வண்டி ஒன்றில் ஏற்றி அனுப்பினோம்.

அந்த ஐவரில் தச்சரும் ஒருவர். காலையெல்லாம் காற்று மறைவில் வந்ததால் அவரிடம் வலு மிஞ்சியிருந்தது. நீடாமங்கலம் வரை மற்றவரோடு சமமாகத் தம் முறைக்கு அவர் முன்னே நின்றார். அவருடைய பழைய வண்டியின் மட்கார்டு கடகடவென ஒலிக்க, அந்த ஓசையின் பின்னால் நாங்கள் சென்றோம்.

ஒரு முழுநாள் ஓய்வுக்குப் பின், விடியுமுன்னர் எழுவரும் புறப்பட்டோம். மாணவன் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தவறாது விலகினான். விலகும்போது தண்ணீர் குடித்தான். அன்று இரவு திருச்சி சேர்ந்தோம்.

பயணம் மேற்கொள்வோர்க்கு

இத்தகைய பயணத்துக்குத் தம் மக்களை அனுப்பும் பெற்றோர்க்கும், நடத்திச் செல்லும் பெரியோர்க்கும் சில சொற்கள். ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் சிறந்த பானமாகும், உப்பு மிகலாகாது. வெயில் ஏறுமுன் பாதித் தொலைவைக் கடந்துவிடுக. பின்னால் சிவப்பு விளக்கும் தலைக்கவசமும் இன்றி எவரும் புறப்படலாகாது. கடைசி இடத்தைக் கருவியும் பொறுமையும் உள்ளவரிடம் ஒப்படையுங்கள். பேருந்தில் ஏறுவதை இழிவாகக் கருதாத கூட்டமே பத்திரமாக வீடு சேரும் என்பதைப் புறப்படுமுன்னரே எல்லார்க்கும் சொல்லி வையுங்கள். நடுவழியில் சொன்னால் அது தண்டனைபோல் ஒலிக்கும்.

மெலிந்தவரைக் கவனிக்க எல்லாரும் அறிவோம். வலியவரைக் கவனிப்பதே அரிது. அவர் கேட்பதில்லை, நாமும் பார்ப்பதில்லை. குடும்பத்திலும் இப்படி முன்னேயே நின்று, காற்றையெல்லாம் தம் நெஞ்சில் வாங்கி, தம் முறை முடிந்தும் விலகாதவர் ஒருவர் இருக்கக்கூடும். அது தந்தையாக இருக்கலாம்; தாயாக இருக்கலாம்; மூத்த மகளாக இருக்கலாம். அவரைப் பின்னுக்கு அழைத்து, ஒரு மிடறு நீர் கொடுத்து, சிறிது நேரம் நாம் முன்னே செல்வோமாக. தலைமடை முதல் கடைமடை வரை வயல்கள் யாவும் ஒரே ஆற்றின் பிள்ளைகள் அல்லவா?